தேங்க்யூ சொன்னவன்

கொச்சியில், மட்டாஞ்சேரி அரண்மனைச் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் பதினொரு கடைகள். கிரெடிட் கார்டு ஒன்றே ஒன்று. அது நைட்டிக் கடை இசக்கிசெல்வியுடையது.

ஆனால் அதைச் செல்வியின் கார்டு என்று சந்தில் யாரும் சொல்வதில்லை. ‘நம்ம கார்டு’ என்பார்கள். ஆன்லைனில் எது வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டு வாங்குவார்கள். உடனே செல்விக்கு போன் வரும். “ஓடிபி?” அவ்வளவுதான் பேச்சு. செல்வி துணியை மடித்துக்கொண்டே ஆறு எண்களையும் படிப்பாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஷட்டர் இறங்கும் முன் பணம் கைக்கு வந்துவிடும். நாலு வருஷமாக இப்படித்தான். ஒரு ரூபாய் பாக்கி நின்றதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் யாரும் பணத்தோடு வரவில்லை.

காலையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஓடிபி படித்தது நினைவிருந்தது. செல்வி மெசேஜைத் திறந்து தொகையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு!

கார்டின் வரம்பே ஐம்பதாயிரம்தான். வியாழக்கிழமை ஈரோட்டுக்குப் போய் ஓணத்துக்குச் சரக்கு எடுக்க வேண்டும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் வியாபாரத்தில்தான் அவளுடைய ஒரு வருஷ லாபம் இருக்கிறது.

பக்கத்துச் சாயாக்கடைக்கு ஓடினாள். பாண்டித்துரை பாய்லர் முன் நின்று சாயா ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம கார்டுல ஏதும் வாங்குனீங்களா?”

“போன வாரம் ஒரு வடிகட்டி வாங்குனேன். நூத்தம்பது ரூவா அப்பவே குடுத்துட்டேனே தங்கச்சி.”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கேக்குற மூஞ்சியா இது?”

செல்வி எதிரே இருந்த மசாலாக் கடைக்குப் போனாள். ஷௌகத் அலி ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஹாஜரா.

“இக்கா, நம்ம கார்டுல ஏதாவது வாங்கினீங்களா?”

ஷௌகத் அலியின் முகம் வெளுத்தது. “ஞானோ? இல்லயே!”

“பெரிய தொகையா இருக்கு இக்கா.”

“பெரிய தொகையோ? வெறும் எண்ணூறு ரூபாயல்லே! அதும் போன மாசம்!”

“எது எண்ணூறு?” என்றாள் ஹாஜரா.

ஷௌகத் அலி ஏலக்காய்த் தட்டுக்குள் குனிந்துகொண்டார்.

“முடி வளர்ற எண்ணெய்…”

ஹாஜரா கணவரின் தலையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். “ஒரு முடிகூட வரல்லயே!”

“அதான் சொல்லல்ல.”

செல்விக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மற்ற எட்டுக் கடைகளிலும் கேட்டாள். யாரும் வாங்கவில்லை. சாயாக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து போனைத் துழாவினாள். காலை பதினொரு மணிக்கு வந்த அழைப்பு, பெயரில்லாத ஒரு புது எண். அதற்குள் ஷௌகத் அலியும் ஹாஜராவும் அங்கே வந்துவிட்டார்கள்.

“ஆளு எப்படிப் பேசினான்?” என்று கேட்டாள் ஹாஜரா.

“மரியாதையாத்தான் பேசினான். ‘சேச்சி, ப்ளீஸ், ஓடிபி ஒண்ணு பறயாமோ’ன்னான். படிச்சு முடிச்சதும் ‘தேங்க்யூ சேச்சி’ன்னான்.”

“தேங்க்யூவா? நம்ம சந்தில யாரு தேங்க்யூ சொல்றா?”

செல்வி தலையில் கை வைத்தாள். “நாலு வருஷத்துல ஒருத்தர் சொன்னதில்ல. அப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும்!”

“கார்டு நம்பர் அவனுக்கு எங்ஙன கிட்டி?” என்றார் ஷௌகத் அலி.

ஹாஜராவின் பார்வை பாய்லருக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போனது. அங்கே செல்வியின் கார்டு, முன்பக்கமும் பின்பக்கமும், பெரிதாகப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. கீழே சிவப்பு மையில் செல்வியின் போன் நம்பர்.

“அண்ணாச்சி! இது எப்ப ஒட்டினீங்க?” என்றாள் செல்வி.

“ரெண்டு மாசம் ஆச்சு. எல்லாரும் எங்கிட்டதான் நம்பர் கேக்காங்க. சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு.”

“டெய்லி அம்பது டூரிஸ்ட் இந்தச் சுவரை போட்டோ எடுக்கானே!”

“என் பாய்லரு அழகா இருக்குன்னு எடுக்கான்னுல்லா நெனச்சேன்” என்றார் பாண்டித்துரை பரிதாபமாக.

செல்வி வங்கிக்கு போன் போட்டாள். தமிழ் பேசும் ஒரு பெண் ஸ்பீக்கரில் வந்தாள்.

“ஓடிபியை யாருக்காவது சொன்னீங்களா மேடம்?”

இல்லை என்று சொல்லச் சொல்லி பாண்டித்துரை சாயா கிளாஸை இடமும் வலமும் ஆட்டினார். செல்வி அவரை முறைத்தாள்.

“சொன்னேம்மா. நாலு வருஷமா எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

“எல்லாருக்குமா?”

“சந்துக்குள்ள மட்டும்.”

அந்தப் பெண் இருமலா சிரிப்பா என்று தெரியாமல் ஒன்றை அடக்கிக்கொண்டு பேசினாள். “கார்டை முடக்கிட்டேன் மேடம். நீங்களே ஓடிபி சொன்னதால பணம் திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கே கண்டுபிடிச்சிட்டீங்க, அது நல்லது. உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு போன் பண்ணிப் புகார் குடுங்க.”

கொடுத்தாள். ஏமாற்றியவன் வாங்கியது ஒரு செல்போன். மறுநாள் மதியத்துக்குள் தகவல் வந்துவிட்டது. போன் இன்னும் கிடங்கைவிட்டுக் கிளம்பவில்லை, ஆர்டரை நிறுத்திவிட்டார்கள், பணம் பத்து நாளில் கணக்குக்கு வரும். சந்தே கை தட்டியது. சாயாக்கடையில் அன்றைக்கு எல்லாருக்கும் பழம்பொரி இலவசம்.

செல்வி மட்டும் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “பத்து நாள் கழிச்சு வந்து என்ன செய்ய? நாளைக்கு ஈரோடு போகணும். கார்டும் செத்துப் போச்சு.”

ஷௌகத் அலி தன் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை.

“நாப்பதாயிரம் உண்டு. இத்தர வருஷம் உன் கார்டுல நாங்க வாங்கினோம். ஒரு தடவை என் காசுல நீ வாங்கு மோளே.”

ஓணத்துக்குச் செல்வியின் கடையில் ஒரு நைட்டிகூட மிஞ்சவில்லை. பணம் சொன்னபடி வந்தது, மஞ்சள் பையும் ஷௌகத் அலியிடம் திரும்பிப் போனது. புதுக் கார்டும் வந்தது, புதுச் சட்டமும் வந்தது. எண் யாருக்கும் கிடையாது. போனில் ஓடிபி கிடையாது. வேண்டியவர் கடைக்கு நேரில் வர வேண்டும், செல்வியே தன் போனில் வாங்கித் தருவாள்.

சட்டம் போட்ட மூன்றாம் நாள் போன் அடித்தது. எண்ணைப் பார்க்காமலே எடுத்தாள்.

“ப்ளீஸ், ஒரு உபகாரம்…”

அழைப்பை வெட்டினாள். மறுபடியும் அடித்தது.

“ப்ளீஸ் மோளே…”

மறுபடியும் வெட்டினாள். ஒரு நிமிஷத்தில் ஷௌகத் அலி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

“ஞான்தானே! ஹாஜராதான் சொன்னா, இனிமே உங்கிட்ட மரியாதையாக் கேக்கணும்னு!”

“மரியாதை காட்டினா எனக்குப் பயமா இருக்கு இக்கா. என்ன வேணும், அதச் சொல்லுங்க.”

ஷௌகத் அலி ஹாஜரா இருந்த தன் கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த எண்ணெய்… இன்னும் ஒரு குப்பி.”