மூளையைச் சுற்றி வெள்ளை

ஸ்கேன் திரையில் மூளையின் மடிப்புகளுக்குள் வெள்ளை ஓடியிருந்தது. டியூட்டி டாக்டர், ஸ்கேன் டெக்னீஷியனான என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"ரத்தக்கசிவுதான். மாத்திரையெல்லாம் நிறுத்தச் சொல்லிடுறேன்" என்று போனை எடுத்தார்.

படுத்திருந்தவர் பஸ் டிரைவர். வார்டிலிருந்து தலைவலி என்று வந்தவர், இப்போது மனைவியையே யாரென்று கேட்கிறார். வலது மணிக்கட்டில் இறுக்கமான கட்டு. கேஸ் பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் முதலில் வருவார். வார்டின் ஃபைல் சாவகாசமாக வரும்.

வெளியே போய் மனைவியிடம் கேட்டேன். "அக்கா, அவர் கையில என்ன கட்டு?"

"காலைல கை வழியா ஹார்ட்டுக்கு ஏதோ மருந்து ஏத்திப் படம் எடுத்தாங்க தம்பி. அடைப்பாம். உள்ள ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்க. அவர் ஓட்டுற பஸ்ஸுக்கே அது கிடையாது." சொன்னவர் சிரிக்கவில்லை.

அந்த மருந்து மூளைப் பக்கம் கசிந்தாலும் ஸ்கேனில் வெள்ளையாகத்தான் தெரியும். ரத்தமென்று நினைத்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தினால், அந்த ஸ்பிரிங், புது ஸ்டென்ட், அடைத்து ஆள் போய்விடலாம். ரத்தமாகவே இருந்து மாத்திரை கொடுத்தாலும் அதே கதைதான்.

"சார், போனை வைங்க. அளந்து பாத்துடுவோம்."

"டாக்டர் நானா, நீயா?"

"நீங்கதான் சார். அளக்குறது மட்டும் நான்."

திரையில் வெள்ளையின் மேல் வட்டம் போட்டேன். அடர்த்தி நூற்று முப்பது. ரத்தம் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. அந்தப் 'பெரும்பாலும்' போதாமல் இன்னொரு இடத்திலும் வட்டம் போட்டேன்; அதே எண்தான். நைட் ஷிப்டில் ஒருமுறை, இதே போன்ற வெள்ளையை எதுவும் கேட்காமல் ரத்தமென்று அனுப்பினேன்; மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அது ரத்தமில்லை என்று தெரிவதற்குள் அந்த ஆள் இல்லை. அதோடு நைட் ஷிப்டை விட்டுவிட்டேன்.

டியூட்டி டாக்டர் பெரிய டாக்டரை அழைத்துப் பேசினார். மாத்திரை தொடரட்டும், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள், மருந்தென்றால் கரைந்திருக்கும் என்றார் அவர்.

மூன்று டீ வாங்கினேன். மூன்றும் ஆறிப்போயின.

"உக்காருப்பா. நீ நடக்குறதப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றார் அந்த அக்கா.

மறுபடி எடுத்தபோது மடிப்புகள் கறுத்துக் கிடந்தன. வெள்ளை இல்லை.

வெளியே வந்து சொன்னேன். "ரத்தம் இல்லக்கா."

"என்னை அடையாளம் தெரியுமா அவருக்கு?"

"அது படத்துல தெரியாது."

"அப்ப நானே கேட்டுக்குறேன்" என்று என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.