வியாழக்கிழமை நாலு மணி

இருபத்து நாலு மணி நேரமும் கூடவே ஒரு ஆள் இருக்கும்போது ஒருவன் எப்படித் தனியாக இருக்க முடியும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், மூப்பர் ஹாவிலியைக் கேட்டிருக்கலாம். அவனுக்கு வயது பத்தொன்பது. மீசைகூடச் சரியாக முளைக்காத பையனை மூப்பர் என்று கூப்பிடுவது மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையின் வழக்கம். வீடு வீடாக மதம் பரப்பும் ஊழியத்துக்கு வந்துவிட்டால் இரண்டு வருஷத்துக்கு அதுதான் பெயர். பெற்றவள் வைத்த பெயரைச் சொல்ல ஊரில் ஒருவரும் கிடையாது.

பசிபிக் கடலில் டோங்கா நாட்டின் ஹாபாய் தீவில் பிறந்தவன். வீட்டைவிட்டுக் கிளம்பிப் பதினாலு மாதம், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், வடகரைப் பர்னிக்கு வந்து நாலரை மாதம். பர்னியில் கடல் இருக்கிறது. எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிறது. ஆனால் ஊழியக்காரர்கள் நீந்தக்கூடாது என்பது விதி. நடக்கக் கற்பதற்கு முன் நீந்தக் கற்றவன் கறுப்புக் கால்சட்டை போட்டு டையும் கட்டிக்கொண்டு கரையோரமாக நடந்து போவான். அதைப் பார்ப்பதற்கு அவன் அப்பா அங்கே இல்லாதது நல்லதுதான்.

அவனுடைய ஜோடி மூப்பர் விக்ஸம். அமெரிக்காவில் ஐடஹோ பக்கத்து உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் மகன், இருபது வயது. ஜோடி என்றால் குளியலறை நீங்கலாக எங்கே போனாலும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்கவேண்டும். விக்ஸம் கெட்டவன் என்று சொல்ல வாய் வராது. தன் சட்டையோடு ஹாவிலியின் சட்டையையும் இஸ்திரி போட்டுக் கொடுப்பான். ஆனால் அவனோடு பேச்சு ஓடாது. கடல் வற்றும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பன்றிகள் பாறைத்திட்டு வரைக்கும் போய்ச் சிப்பி தோண்டித் தின்னும் என்று ஒருநாள் ஆசையாகச் சொன்னான் ஹாவிலி.

"அப்படியா? எடை போட்டு விப்பீங்களா, உருப்படிக் கணக்கா?" என்று கேட்டான் விக்ஸம்.

அதோடு ஹாவிலி ஊர்க்கதையை மூட்டை கட்டி வைத்துவிட்டான்.

வாரம் ஒரு செக்குமாடு மாதிரிச் சுற்றும். திங்கட்கிழமை துணி துவைப்பது, கடைக்குப் போவது, வீட்டுக்குப் போனில் பேசுவது. செவ்வாய் வட்டாரக் கூட்டம். புதன்கிழமை யாருக்காவது புல் வெட்டிக் கொடுப்பது. மற்ற நேரமெல்லாம் கதவு தட்டுவது. பர்னி ஜனங்கள் முரடர்கள் இல்லை. "வேண்டாம் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்துவார்கள். நாலு பேர் திட்டினால்கூட மனசு ஆறும், அந்தச் சிரிப்புதான் ஆளைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை சபையில் முப்பது பேர். எல்லோரும் கை குலுக்கி, "எப்படி இருக்கீங்க மூப்பரே?" என்பார்கள். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்பான். வாரா வாரம் ஊழியத் தலைவருக்கு எழுதும் கடிதத்திலும் அதையேதான் எழுதினான். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வேறு மாதிரி. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நெவில் கிராஸ்பி வீடு.

நெவில் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. மகள் நாட்டின் மறுகோடியில் பெர்த்தில் இருக்கிறாள், கிறிஸ்துமஸ் வந்தால் கூப்பிடுவாள். மேட்டுத்தெருவில் கடைசி வீடு. இவர்கள் காலடிச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிடுவார், கால்பந்து ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. டாஸ்மேனியாக்காரன் ஒருவன் கால்பந்தைப் பாதியில் அணைப்பது சாதாரண விஷயம் இல்லை.

"என்னடா தம்பிகளா, இன்னிக்கும் என்னைக் காப்பாத்த வந்துட்டீங்களா?" என்று கதவைத் திறப்பார்.

டீ குடிக்கக்கூடாது என்று இவர்கள் பாடம் நடத்தியதிலிருந்து டீப் பாத்திரத்தை ஓவனுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, இவர்களுக்கு மைலோ என்ற சாக்லேட் பானம் கலக்கிக் கொடுப்பார். ஒருநாள் மறந்துபோய், இறைச்சி அடைத்த பலகாரம் சூடாக்க ஓவனைப் போட்டுவிட்டார். பாத்திரத்துக்குப் போட்டிருந்த கம்பளிக் குல்லா கருகி வீடெல்லாம் புகை. விக்ஸம் ஜன்னலைத் திறந்துவிட்டு மரியாதையாக ஒன்றும் கேட்காமல் இருந்தான். நெவில் ஹாவிலியைப் பார்த்தார். ஹாவிலி சிரிப்பை அடக்க முடியாமல் வேதப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான். பன்றிக் கதையை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அதுக்கு உப்புப் போடாமலேயே சமைக்கலாமேடா!" என்றார். பிறகு அப்பாவின் படகைப் பற்றிக் கேட்டார். ராத்திரியில் அழுகை வருமா என்று கேட்டார்.

"வரும்" என்றான் ஹாவிலி. விக்ஸம் தலை நிமிர்ந்து பார்த்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் விக்ஸம் பெயர்ப்பட்டியலை மேசையில் விரித்தான்.

"பிரதர் கிராஸ்பியை விட்டுடலாம், மூப்பரே. பதினோரு தடவை போயாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது சபைக்கு வந்திருக்காரா?"

"அவர் நல்லவரு."

"நல்லவர்தான். நல்லவங்க வீட்டுக்கெல்லாம் மைலோ குடிக்கப் போயிட்டிருந்தா, கேக்கணும்னு காத்திட்டிருக்கறவங்க வீட்டுக்கு எப்பப் போறது?"

அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல். முன்னேற்றம் இல்லாதவர்களை விட்டுவிடவேண்டும் என்பது எல்லா ஊழியக்காரர்களுக்கும் சொல்லித்தரும் முறை. ஹாவிலியும் எத்தனையோ பேரை அப்படி விட்டிருக்கிறான். அந்த ராத்திரி அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை விக்ஸம்தான் சொன்னான், பதமாக, பக்குவமாக. நெவில் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே வரமாட்டீங்க."

"ஞானஸ்நானத்துக்கு ஒரு நாள் குறிச்சீங்கன்னா வருவோம், பிரதர்."

"தண்ணிக்குள்ள முங்கினா வருவீங்க."

"அப்படி இல்ல பிரதர், மனசுல விசுவாசம் வந்து..."

"சரி, முங்கறேன்" என்றார் நெவில்.

விக்ஸமுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் விக்ஸமுக்குக் கையைக் கொடுத்துவிட்டு ஹாவிலியைத்தான் பார்த்தார். ஏன் சம்மதித்தார் என்று ஹாவிலிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை போனில் சொன்னதும் அம்மா கத்திய கத்தலில் அடுப்படியில் இருந்த அத்தைகள் எல்லாம் ஓடிவந்து திரையில் முகத்தை நுழைத்தார்கள்.

"பதினாலு மாசத்துக்கப்புறம் முதல் ஆளுடா ராசா! நம்ம சபையே சனிக்கிழமை உபவாசம் இருக்கும், பாத்துக்க. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா காலையிலேருந்து பாட்டுப் பாடிட்டே இருக்காரு. நீ நல்லாயிருக்கியா? சாப்பிடுறியா?"

"ரொம்ப நல்லா இருக்கேன்மா."

ஞானஸ்நானத்துக்கு முன் ஒரு நேர்காணல் உண்டு. வட்டாரத் தலைவன் வந்து கேள்வி கேட்பான், அவனும் இவர்கள் வயதுப் பையன்தான். கடவுளை நம்புகிறாயா, சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுப்பாயா, டீ, காப்பி, புகையிலை, மது விட்டாயிற்றா என்றெல்லாம் வரிசையாகக் கேட்பான். நேர்காணலுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, விக்ஸம் சமையலறை தெரியும்படி முன்னறையில் உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தான். சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டே நெவில் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன கேப்பான்டா அவன்? லைசென்ஸ் பரீட்சை மாதிரித்தானே? முன்னாடியே சொல்லிட்டா மனப்பாடம் பண்ணிக்குவேன்."

"மனசுல இருக்கறதைச் சொல்லணும், நெவ்."

"மனசுல இருக்கறதைச் சொன்னா நீ வரமாட்டியே."

ஹாவிலி தம்ளரைத் துடைத்தான். துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்தான். பிறகு ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னான், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னான். அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். தன் சபையில் அதைவிடப் பெரிய தப்பு அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நெவில் விரல்விட்டு எண்ணிப் பாடம் ஒப்பித்தார். வெள்ளிக்கிழமை நேர்காணல் இருபது நிமிஷத்தில் முடிந்தது. "எவ்வளவு தெளிவா பதில் சொன்னாரு, தெரியுமா!" என்று வட்டாரத் தலைவன் ஹாவிலியின் முதுகில் தட்டினான்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே சபைக் கட்டிடத்துக்குப் போய் ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும். பத்து மணிக்குள் பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். முட்டை சாண்ட்விச்சும் தேங்காய்ப்பூ ஒட்டிய கேக்கும் தட்டுத் தட்டாக மேசையில் வந்து உட்கார்ந்தன. ஹாவிலியும் நெவிலும் உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். விக்ஸம் வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பாட்டுப்புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளை உடை நெவிலுக்கு வயிற்றில் பிடித்தது. மூச்சை இழுத்து ஜிப்பைப் போட்டுவிட்டு, "ஐஸ்காரன் மாதிரி இருக்கேனா?" என்றார். அப்புறம், "உனக்கு ஒரு சங்கதி சொல்லணும்டா. சோபா வாங்கியிருக்கேன், மூணு பேர் உக்கார்றது. திங்கக்கிழமை கொண்டுவந்து போடறான். எத்தனை நாள்தான் உங்களைச் சமையக்கட்டு நாற்காலியில உக்கார வைக்கிறது? இடம் பண்றதுக்காக என்னோட பழைய சாய்வு நாற்காலியைத் தூக்கிப் போட்டாச்சு."

வெளியே பாட்டுத் தொடங்கிவிட்டது. ஹாவிலி வெறுங்காலோடு நின்றான், தரை சில்லிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும், ஹாபாயில் நூறு பேர் நோன்பை முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

"நெவ், பத்து நாள்ல என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. ஆறு வாரத்துக்கு ஒருதரம் யாரையாவது மாத்துவாங்க. எனக்கு இங்க ரொம்ப நாளாச்சு, இந்தத் தடவை நிச்சயம்."

நெவில் ஜிப்பிலிருந்து கையை எடுத்தார்.

"புதுசா வர்ற பையன் புது ஆளுங்களைத்தான் தேடிப் போவான். ஞானஸ்நானம் எடுத்தவங்களைச் சபை பாத்துக்கும். ஞாயித்துக்கிழமை கை குலுக்குவாங்க. வியாழக்கிழமை யாரும் வரமாட்டாங்க."

"இது உனக்குப் போன வாரமே தெரியுமா?"

"தெரியும்."

நெவில் ஜிப்பை இறக்கினார். வெள்ளை உடையைக் கழற்றி மடித்துப் பெஞ்சில் வைத்தார். தன் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டைக் கட்டி, பின்வாசல் வழியாகப் போனார். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்.

ஹாவிலி வெள்ளை உடையோடு பத்தொன்பது பேர் முன்னால் போய் நின்றான். "இன்னிக்கு ஞானஸ்நானம் இல்ல. தப்பு என்னோடது. கேள்விக்குப் பதிலெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றான். யாரும் திட்டவில்லை. யாரோ ஜெபம் செய்தார்கள். கொண்டுவந்ததை வீணாக்க வேண்டாம் என்று சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, தணிந்த குரலில் பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

தொட்டியில் தண்ணீர் வடியும்வரை ஊழியக்காரர்கள் காவல் இருக்கவேண்டும். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊழியத் தலைவர்கிட்ட நீயேதான் சொல்லணும்" என்றான் விக்ஸம்.

"சொல்றேன்."

"இவ்வளவு வருத்தத்தை வச்சிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

ஹாவிலி ஜன்னல் பக்கம் திரும்பினான். வண்டி நிறுத்தும் இடத்தில் நெவிலின் கார் அப்படியே நின்றது. உள்ளே அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போக அவருக்கு ஓர் இடமும் இல்லை.

விக்ஸமும் பார்த்தான். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "இங்கேயிருந்தே தண்ணியையும் பாத்துக்கறேன், உன்னையும் பாத்துக்கறேன். போயிட்டு வா."

ஹாவிலி வெறுங்காலோடு கற்களின் மேல் நடந்து போனான். நெவில் கண்ணாடியை இறக்கினார்.

"நான் முங்கியிருந்தாலும் நீ போயிருப்பே."

"ஆமா."

"முங்காட்டியும் போவே."

"ஆமா."

"அப்ப எதுக்குடா சொன்னே? இன்னும் ஒரு வியாழக்கிழமையாவது மிச்சம் இருந்திருக்கும்ல எனக்கு?"

"எனக்கும்தான்" என்றான் ஹாவிலி. குரல் உடைந்தது, அவன் மறைக்கவில்லை. "அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்றேன். தலைவர்கிட்ட அதையே எழுதறேன். சபையில அதையே சொல்றேன். உங்க ஒருத்தர்கிட்டதான் நான் பொய் சொல்லாம இருந்தேன். அதுவும் போயிடுச்சுன்னா எனக்கு இந்த நாட்டுல யாருமே இல்ல நெவ்."

நெவில் முன் கண்ணாடி வழியாகக் கீழே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

"உள்ள போடா. காலைப் பாரு, நீலம் பாரிச்சுக் கிடக்கு" என்றார்.

கார் மேட்டிலிருந்து இறங்கிக் கரையோரச் சாலைக்குத் திரும்பும்வரை ஹாவிலி அங்கேயே நின்றான். விக்ஸம் அவனைக் கூப்பிடவில்லை.