கார் செட்டுக்கு சிஸ்டர் போட்ட ஒயர்

தெருவே சிஸ்டர் என்று கூப்பிடும் அவளுக்கு, நாள் முழுவதிலும் சொந்தமாகக் கிடைப்பது காரில் போகும் நேரம் மட்டும்தான். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம், திரும்பி வர முக்கால் மணி நேரம். மிச்சமெல்லாம் வார்டுக்கும் சமையலறைக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் மாமனாரின் மாத்திரைக்கும் போய்விடும். வார்டு பொறுப்பாளர் வேலைக்கான பரீட்சையைப் போன வருஷம் எழுதினாள். படிக்க நேரமில்லாமல் கோட்டை விட்டாள். இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான், அடுத்த பரீட்சைக்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

அதனால் அவள் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மனிதர், பரம சாது. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளைகளில் அவளுடைய பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்து, போனில் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினார். மருந்துப் பெயர்கள் அவர் வாயில் படாத பாடு பட்டன. இருந்தாலும் ஒரு பாடம் விடாமல் படித்தார்.

கேட்கத்தான் வழியில்லை. அவர்கள் கார் அவர்கள் கல்யாணத்தை விட மூத்தது. அது போடும் கூச்சலில், போனில் பேசுகிறவர் பக்கத்து ஊரில் இருந்து முனகுகிற மாதிரி இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு ஓட்டலாமே என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அப்படி ஓட்டி வந்து சேர்ந்தவர்களுக்குத்தானே வார்டில் தினமும் கட்டுப் போடுகிறாள். காரில் இருக்கிற செட்டோ அருமையான செட். நாலு கதவிலும் ஸ்பீக்கர். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோவும் கேசட்டும்தான். போனை எங்கே செருகுவது?

கார் செட் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். செட்டையே மாற்ற வேண்டுமாம், அதுவும் அடுத்த மாசம்தான் முடியுமாம். பரீட்சை இந்த மாசக் கடைசியில்.

"நானே ஒரு கை பாத்துடறேன்" என்றாள் சிஸ்டர்.

இதைக் கேட்டுச் சிரித்தவர் வீட்டுக்காரரின் அண்ணன். பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து வீடே அவரைப் பெரியப்பா என்றுதான் சொல்லும். ஒரு காலத்தில் கார் சாமான் கடையில் கணக்கு எழுதியவர். அந்த ஒரு தகுதியில், காரைப் பற்றித் தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று இருப்பவர். எந்த விஷயத்திலும் மூக்கை நுழைப்பார். அவர் எதைச் சொன்னாலும் தம்பி "சரிண்ணே" என்பார். அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, ஊசி போடற கை ஒயர் புடிக்குமா? தொட்டா ஓடற காரும் நின்னு போயிடும்."

"நின்னா தள்ளறதுக்கு நீங்க இருக்கீங்களே பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட், ஃபேன், மோட்டார் எல்லாம் பார்க்கிற எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு. அவரிடம் ஒயரில் ஈயம் பற்றவைக்கிற கருவியைக் கடன் கேட்டாள். அவர் கருவியோடு புத்தியும் சொல்லிக் கொடுத்தார். "கேசட் சத்தம் உள்ள எந்த வழியா போகுதோ, அந்த வழியில நம்ம ஒயரைச் சேத்துடணும் சிஸ்டர். ஒண்ணும் பதிவு பண்ணாத கேசட்டைப் போட்டு ஓட விட்டா, கேசட் பாடுதுன்னு நெனச்சுக்கிட்டு செட் வழியைத் திறந்து வைக்கும். உள்ள வர்றது உங்க போன் சத்தம்."

ஒரு செட்டை இப்படி ஏமாற்றலாம் என்பதே அவளுக்குப் பிடித்துப் போயிற்று. சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து, வீணாய்ப் போன ஒயர்த் துண்டுகளில் பற்றவைத்துப் பழகினாள். முதலில் வைத்த ஈயமெல்லாம் காக்காய் எச்சம் மாதிரி விழுந்தது. போகப் போகக் கை பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளைத் தின்பண்டம் கொடுத்து மாடிக்கு விரட்டிவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றினாள். செட்டைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பி எடுத்து, செட்டை வெளியே இழுத்தாள். பின்னால் கலர் கலராக ஒயர்கள் கொத்தாக வந்தன. பெரியப்பா நாற்காலியைக் கொண்டு வந்து வாசலில் போட்டு, மேட்ச் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அவள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நோயாளிக்கு எத்தனை குழாய் போனாலும், எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிடுவார்கள். அவளும் அப்படியே செய்தாள். சிவப்பு ஒயருக்கு ஒரு பிளாஸ்திரி, மஞ்சளுக்கு ஒன்று, காரின் இரும்புச் சட்டத்தில் திருகியிருந்த கறுப்பு எர்த் ஒயருக்கு ஒன்று.

"செட்டுக்கு என்ன ஆபரேஷனா நடக்குது?" என்றார் பெரியப்பா.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒயர்களையெல்லாம் கழற்றி, சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து செட்டைத் திறந்தாள். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். கேசட்டிலிருந்து வருகிற மூன்று மெல்லிய ஒயர்கள், நூல் பருமன்கூட இல்லை. நரம்பே தெரியாத பச்சைக் குழந்தையின் கையில் ஊசி ஏற்றுகிறவளுக்கு அது பெரிய விஷயமில்லை. இடது பக்கம், வலது பக்கம், இரண்டுக்கும் பொது என்று ஒவ்வொன்றாகத் தன் ஒயரைப் பற்றவைத்தாள். நடுங்கியது டார்ச் பிடித்த கைதான்.

"நீங்க ஏங்க நடுங்கறீங்க?"

"எனக்குப் பயமா இருக்குடி."

மறுபடி எல்லாவற்றையும் பூட்டி, போனில் செருகுகிற ஒயரை மட்டும் கியருக்குப் பக்கத்தில் வெளியே விட்டாள். பேட்டரி ஒயரை மாட்டினாள். காரைக் கிளப்பி, வெறும் கேசட்டைத் தள்ளி, போனைச் செருகினாள். நாலு கதவும் சேர்ந்து 'ஊங்' என்று அலறின. வீட்டுக்காரரின் குரல் அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ மூழ்கிக் கிடந்தது.

பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொன்னேன். இருந்த ரேடியோவும் போச்சா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செட் போனதற்கு இல்லை. பரீட்சை போகிறதே என்றுதான். இனி எந்த நேரத்தில் படிப்பாள்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. இரைச்சலும் கூடவே ஏறியது. காலை எடுத்தாள், இறங்கியது.

அழுகை அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் கூத்தை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். மானிட்டரில் இதயத்துடிப்புக் கோடு கன்னாபின்னாவென்று ஆடும். புதுசாக வந்த நர்சுகள் டாக்டரைத் தேடி ஓடுவார்கள். அவள் ஓட மாட்டாள். நெஞ்சில் ஒட்டிய பட்டை தோலில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் கிளம்பியிருக்கும்.

எஞ்சினை நிறுத்தினாள். செட்டை மறுபடி இழுத்து, டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். எர்த் ஒயரைத் திருகியிருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் ஒட்டிய பிளாஸ்திரிதான். மடங்கி உள்ளே போய், ஒயருக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தை போட்டுப் படுத்திருந்தது. அதன் மேலேயே திருகை இறுக்கியிருக்கிறாள். தொட வேண்டியது தொடாமல் செட் தவித்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னோட சுத்தம்தான் எனக்கு வினையா வந்திருக்கு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்திரியை உரித்து, இரும்பைப் பளபளவென்று சுரண்டி, ஒயரை வைத்து இறுக்கினாள்.

காரைக் கிளப்பினாள். கேசட் உள்ளே போயிற்று. இரைச்சல் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தாள், அப்போதும் இல்லை. போனைத் தட்டினாள்.

"சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது..." என்று நாலு கதவிலிருந்தும் வீட்டுக்காரரின் குரல் கணீரென்று கிளம்பியது. கார் போட்ட சத்தம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியிலிருந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளேயிருந்து மாமனார், "சின்னவன் யார்கிட்ட இவ்வளவு சத்தமா பேசறான்?" என்றார். சிஸ்டர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தட்டினாள். ஜெயித்துவிட்டாள், இனி தினமும் முக்கால் முக்கால் மணி நேரம் படிப்பாள். வெட்கத்தில் வீட்டுக்காரர் கார் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

பெரியப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ம். பரவால்ல. ஏதோ பேசுது."

சிறுநீரகப் பாடம் சின்னதுதான், முடிந்தது. பதிவு முடியவில்லை. கடையில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். அடுத்து பெரியப்பாவின் குரல், நாலு ஸ்பீக்கரிலும்.

"இந்த வயசுல இவளுக்கு எதுக்குடா பரீட்சை? மறுபடி ஃபெயிலாகி மானத்தை வாங்கப் போறா. நீயும் வேலைவெட்டி இல்லாம இதைப் படிச்சுக்கிட்டிருக்க. நிறுத்தச் சொல்லு."

காருக்குப் பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இப்போது இரண்டு தலைகள். அடுத்து என்ன வரும் என்று சிஸ்டருக்குத் தெரியும். அந்த ஒரே வார்த்தைதான் வரும். அதைக் கேட்க வேண்டாம் என்று அவள் கை போனுக்குப் போயிற்று.

"அண்ணே, நீங்க சொன்ன எல்லாத்துக்கும் இதுவரைக்கும் சரின்னுருக்கேன்" என்றது ஸ்பீக்கர். "இதுக்கு மாட்டேன். அவ பாஸாவா. எழுந்திருங்க, நான் அடுத்த பாடம் படிக்கணும்."

பதிவு முடிந்தது. வெறும் கேசட் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் எரியாத டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் மேல் இப்படி ஒரு ஆசை அவளுக்கு வந்ததில்லை. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று பெரியப்பா நாற்காலியைத் தூக்கினார்.

"இருங்க பெரியப்பா, சத்தம் சுத்தமா வருதான்னு இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று சொல்லி, அவள் பதிவைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு, செட்டின் சத்தக் குமிழை முழுசாகத் திருகினாள்.