இரண்டடிக் குழாய்

ஆறு மணி நேரத்தில் நாற்பது கிலோ கெண்டை பாழானது. குற்றாலத்தில் சீசன் கூட்டம் மொய்த்த சனிக்கிழமை அது.

புகையடுப்பை வடிவமைத்தது நான். வேதியியல் முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த முதல் வருடம். பழைய எண்ணெய் டிரம், உள்ளே கம்பிவலைத் தட்டுகள், அடியில் சிரட்டையும் தேங்காய் மட்டையும் எரியும். மேலே வெல்டிங் வைத்துப் பொருத்திய ஐந்தடிப் புகைக்குழாய். அடுப்பின் கால்களை மடக்கிச் சாய்த்தால் லோடு ஆட்டோவில் அடங்கிவிடும். ரெபேக்காள் அக்காவின் மகளிர் குழு ஆய்க்குடியில் அதில் மீன் போட்டுப் பார்த்தது. நன்றாக வந்தது. குளத்து மீனைப் புகைபோட்டு சீசன் கடையில் விற்பதுதான் அவர்களுக்கு இனி பிழைப்பு.

அந்தச் சனிக்கிழமை கடைத் திறப்பு விழா. காலையில், பெண்கள் வருவதற்கு முன், எங்கள் திட்ட அலுவலர் சங்கரநாராயணன் குழாயை இரண்டடியாக அறுக்கச் சொன்னார். புகை இழுக்காது என்று முனகினேன். காரணத்தைச் சொன்னார். வெளியே சொல்லாதே என்றும் சொன்னார். பெண்களிடம் இதுதான் புது மாடல் என்றார். விழா முடிந்ததும் விருந்தினரோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

புகை டிரம்முக்குள்ளேயே தேங்கி மீனில் தாராகப் படிந்தது. முதல் துண்டைக் கடித்தவர் அங்கேயே துப்பினார். சாயங்காலம் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

திங்கட்கிழமை கூட்டத்தில் சங்கரநாராயணன், இந்தப் பெண்களுக்கு நெருப்பு வைக்கத் தெரியவில்லை, மீனையும் ஒழுங்காகக் கழுவவில்லை என்றார். அவர்கள் மீன் கழுவுவதை அவர் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அடுப்பு ஆலங்குளத்துக் குழுவுக்குப் போகிறது, ஆட்டோ வாசலில் நிற்கிறது, ஏற்றிவிடுங்கள் என்றார்.

"பொறந்ததுல இருந்து அடுப்புல வேகுதேன்," என்றாள் ரெபேக்காள் அக்கா. "எனக்கு நெருப்பு வைக்கத் தெரியலன்னு ஃபேனுக்கு அடியில இருந்துக்கிட்டு சொல்லுதாரு."

பெண்கள் சிரித்தார்கள். யாரும் எழவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி ஜுஹைனா, செஞ்சவ நீதானட்டி. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சங்கரநாராயணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். பூனைக்குட்டியை விரட்டுவது போல. என் காது வரை கொதித்தது. எழுந்து நின்றேன்.

"உங்க நெருப்புல குத்தமில்லக்கா. ஃப்ளெக்ஸ் போர்டுல சீஃப் கெஸ்ட் மூஞ்சிய குழாய் மறைச்சுது. போட்டோ நல்லா விழணும்னு சார்தான் அறுக்கச் சொன்னாரு."