மேகத்துக்கு அஞ்சிய விமானம்

போருக்குப் போய்வந்த அந்த விமானத்துக்கு மேகம் என்றால் பயம். இது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. பயந்தவர் அதை ஓட்டியவர்தான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. ஏனென்றால், போட வேண்டிய குண்டுகளில் ஒன்றைக்கூடப் போடாமல், ஊருக்கு அப்பால் இருக்கும் மலையைத் தாண்டாமலே அவர் திரும்பி வந்தார். வந்தவர் காரணமும் சொல்லவில்லை. மேலதிகாரிகள் கேட்டார்கள், மனைவி கேட்டாள், முடிதிருத்துபவர் கண்ணாடி வழியாகக் கேட்டார். விமானி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் நேராக உட்கார்ந்தார், அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் யாரும் கூன்போட்டு உட்கார்ந்ததில்லை. அவர் கடைசியாக நோயில் விழுந்தபோதும் விறைப்பாகத்தான் படுத்திருந்தார். ஆனாலும் வீட்டுக்குத் 'திரும்பி வீடு' என்று பேர் விழுந்துவிட்டது. தபால்காரருக்கு அதற்குமேல் விலாசம் தேவைப்படவில்லை.

விமானியின் மகள் பஸ் மெக்கானிக். பேரைப் பொறுத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். அவளுடைய மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி, அதே தெருவில் ஹார்டுவேர் கடைக்காரர், ஒரு விருந்தில் இலை நிறையச் சாப்பிட்டுவிட்டு, "உங்க வீட்டு ஆளுங்களுக்குக் கிளம்பத் தெரியும் சம்பந்தியம்மா, போய்ச் சேரத்தான் தெரியாது" என்று எல்லார் முன்னிலும் சிரித்தார். அவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினாள். அப்பா ஓட்டிய அதே விமானத்தில் அதே மலையைத் தாண்டிக் காட்டினால் ஒழிய அந்தப் பேர் போகாது என்று அன்றே தீர்மானித்தாள். காயலான் கடைகளில் எல்லாம் தேடி, கடைசியில் விமானத்தை ஒரு கோழிப்பண்ணையில் கண்டுபிடித்தாள். விமானியின் இருக்கையில் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, பிறகு வண்டியில் ஏற்றி வந்தாள்.

அதைப் பறக்கவைக்கவும், தான் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் வருஷங்கள் ஆயின. மகன் அப்பாவானான், பேத்திக்குப் பல் விழுந்து முளைத்தது. அவளுடைய புருஷன் தையல்காரர். இறக்கைகளுக்குத் துணி வெட்டித் தைத்தது அவர்தான். வாழ்நாளில் இப்படி அசையாமல் நின்று அளவு கொடுத்த வாடிக்கையாளர் கிடையாது என்பார். அவளோ ஒரு பிடிவாதக்காரி. கழற்றிய போல்ட் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துரு நீக்கி, இருந்த துளையிலேயே திரும்ப முடுக்கினாள். கடையில் புது போல்ட் மலிவாகக் கிடைத்தது. "புதுசு போட்டா அது அப்பாவோட விமானம் இல்லையே" என்றாள். இப்படி ஒன்றுவிடாமல் காப்பாற்றியதில், விமானத்துக்குள் இருந்த பயத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாள்.

முதல் தடவை பறந்தபோது அவள் முன்னால், புருஷன் பின்னால். மலைக்கு மேலே தலையணை அளவில் ஒரு மேகம் நின்றது. விமானம் உடம்பெல்லாம் நடுங்கி, அவள் கையிலிருந்த ஓட்டும் பிடியை உருவிக்கொண்டு, வந்த வழியே ஓட்டம் பிடித்தது.

"ஏன் திருப்பினே?" என்று புருஷன் கத்தினார்.

"நான் எங்க திருப்பினேன்? அதுவா திரும்புது!"

தரையிறங்கியதும் விமானம் தானாகக் கொட்டகைக்குள் ஓடி, மூக்கை மூலையில் வைத்துக்கொண்டு நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் அதன் நடுக்கம் அடங்கவில்லை. அவள் அதன் வயிற்றுப்பக்கம் கையை வைத்துக்கொண்டு, அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யோசித்தபடி நின்றாள்.

புருஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமனார் கோழை இல்லை, விமானம்தான் கோழை. இதை நிரூபிக்கச் சம்பந்தியைவிடப் பொருத்தமான சாட்சி யார்? ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூப்பிட்டு, சம்பந்தியைப் பின்னிருக்கையில் ஏற்றினார்கள். வரமாட்டேன் என்றால் கௌரவக் குறைச்சல் என்பதால் அவரும் ஏறினார். அன்று மலைமேல் நின்றது ஒரு குடும்பமே தங்கலாம் போன்ற மேகம். பிடியைச் சும்மா விட்டால் போதும், விமானம் தானே திரும்பும்; கெட்ட பேர் அதோடு தீரும். விமானம் மெல்ல நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் அவள் கையால் முடுக்கிய போல்ட் ஒவ்வொன்றிலும் தெரிந்தது. புருஷன் தைத்த இறக்கைத் துணி படபடத்தது. பின்னால் சம்பந்தி முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் இழுப்பதற்கு முன்னால் அவள் பிடியை இறுகப் பற்றி, தானே திருப்பினாள்.

கீழே ஊர் காத்திருந்தது. சம்பந்தி இறங்கி, அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்ததும், "பாத்தீங்களா? மறுபடியும் பாதி வழிதான்!" என்றார்.

"ஆமா, நான்தான் திருப்பினேன்" என்றாள் விமானியின் மகள், எல்லாருக்கும் கேட்கும்படி.

புருஷன் வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "இவ்வளவு வருஷம் எதுக்குப் பாடுபட்ட?" என்று மட்டும் கேட்டார்.

"நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பயம்னா அதைத் தெருவில சொல்லுவோமா?" என்றாள்.

இந்தக் குடும்பத்தில் அதைத் தெருவில் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை.

இப்போது விமானம் வெயில் நாட்களில் பறக்கிறது. மேகம் தலைகாட்டினால் எங்கிருந்தாலும் இறங்கிவந்து கொட்டகைக்குள் போய்விடும்; கதவைச் சாத்துவது மட்டும்தான் வீட்டாரின் வேலை. ஏன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சம்பந்தி கடையைவிட்டு வெளியே வருகிறார். வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல், வாசலில் அடுக்கியிருக்கும் சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்.