குழாய் இல்லாத முகம்

கைபேசியை உதட்டோரம் பிடித்துக்கொண்டு அவன் முணுமுணுத்தான். சொன்னதையெல்லாம் அது எழுத்தாக்கிக்கொண்டே வந்தது. "அம்மா, சும்மா சளிதான். ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பிடுவாங்களாம். நீ கண்டதையும் நெனச்சு பிரஷர ஏத்திக்காத." இன்னொரு கை ஆஸ்பத்திரித் தொட்டிலின் கம்பிக்குள் இருந்தது. மூன்று மாத மகள் அதில் ஒரு விரலை மட்டும் பிடித்திருந்தாள்.

சும்மா சளி இல்லை. கொரோனா. நெஞ்சுக்குள் நூலிழை போன்ற காற்றுக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொண்டன என்றார் டாக்டர். தனியாக மருந்து கிடையாதாம், ஆக்சிஜன் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்கில் தோல் குழிந்து குழிந்து எழுந்தது. மூக்குக் குழாயை இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். கிடங்கில் அவனோடு பெட்டி அடுக்குகிறவன் போன வாரமெல்லாம் இருமினான். வீட்டுக்குக் கொண்டுவந்தது தான்தானோ என்று அந்த நாட்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான்.

குடும்பக் குழுவில் அக்கா எழுதினாள்: "உன் மூக்குதானேடா அவளுக்கும்? பின்ன சளி பிடிக்காம என்ன செய்யும்! போட்டோ போடு."

அம்மா குரல்பதிவே அனுப்பினாள். "பேத்தி மூஞ்சியக் காட்ட மாட்டேங்குற. என்னத்தடா மறைக்கிற? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பிறந்ததிலிருந்து, ஊரில் இருக்கும் அவர்கள் குழந்தையைத் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். குழாயோடு பார்த்தால் அம்மா நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவாள். மனைவி குளிக்கப் போயிருந்தாள்.

"ஒரே நிமிஷம், தங்கம்."

பிளாஸ்திரியை உரித்துக் குழாயை எடுத்தான். முதல் படம் ஆடிவிட்டது. அடுத்தது தெளிவாக வந்தது, அனுப்பினான். திரும்பக் குழாயை வைக்கப் போனபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. பிளாஸ்திரி ஒட்டவில்லை. ஆக்சிஜன் அளவு காட்டும் இயந்திரம் அலறியது.

நர்ஸ் ஓடிவந்தாள். "யாரு எடுத்தது?"

"நான்தான்... போட்டோவுக்கு..."

அவள் அவனை விலக்கிவிட்டுக் குழாயை மூக்கில் அழுத்திப் பிடித்தாள். திட்டியிருக்கலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் சொன்னார்: "இதனால மட்டும் இல்ல. காலையிலேருந்தே களைச்சுட்டுதான் இருந்தா. இனி மெஷின்தான் மூச்சு விடணும்."

"பொழச்சுக்குவாளா?"

டாக்டர் அவன் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

மனைவி ஈரத்தலையோடு நின்றாள். "உங்கம்மா பயப்படக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கைபேசி அதிர்ந்தது. அம்மா: "கன்னம் ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு. என் கண்ணே பட்டுடும்டா. தேறிட்டா எங்க ராசாத்தி!" பிளாஸ்திரி உரிந்த சிவப்பு அது. கீழே அக்கா: "கொட்டாவியப் பாரு, மகாராணிக்குத் தூக்கம் பத்தலையாம்."

உண்மையைச் சொல்லிவிட மைக்கை அழுத்தினான். அது அவன் பேச்சுக்காகத் துடித்துத் துடித்துப் பார்த்துவிட்டுத் தானாக அணைந்தது. அதற்குள் அம்மா குழுவின் படத்தை மாற்றியிருந்தாள். சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் மகள், கன்னம் சிவக்க, காற்றுக்காக வாயைத் திறந்தபடி.