ஆர்வோ வீட்டுச் சூரியன்

நவம்பரில் ஊர் முழுக்க மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. ஆர்வோ லெஹ்டோவின் வீட்டுக்கு மேலே மட்டும் சூரியன் இரண்டாவது வாரமாக இறங்காமல் நின்றது. அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கும் அந்தச் சுப்பீரியர் ஏரிக்கரையில் அந்த வருஷம் பனி முந்திக்கொண்டதால் அக்கம்பக்கத்தார் ஈரத்துணியை அவன் வேலியில் காயப்போட்டார்கள். எதிர்வீட்டு ஐலின் தக்காளித் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, பழுத்ததும் எடுத்துப்போனாள். ஆர்வோ தூங்கவில்லை. பட்டப்பகலில் எவன் தூங்குவான் என்று சிரித்தான். தெருவில் ஆளுக்கொரு பனி அள்ளும் இயந்திரம், தேவாலயத்துக்குப் புது பியானோ, தனக்கு வாசிக்கவே தெரியாத அக்கார்டியன் என்று கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிக் குவித்தான். தங்கமான மனுஷன் என்றது ஊர். ஓசியில் இயந்திரம் வாங்கிய வாய் வேறென்ன சொல்லும்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்குச் சிநேகிதன் டெல்மர், ஊர்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அவன் மட்டும் அந்த வெளிச்சத்தில் துணி காயப்போடவில்லை. முந்தைய முறை சூரியன் இப்படி நின்றபோது ஆர்வோவின் மீன்பிடிப் படகு கடனில் கைவிட்டுப் போயிற்று. இந்த முறை போவதற்கு மிச்சம் இருந்தது வீடுதான்.

டிசம்பரில் சூரியன் தொப்பென்று விழுந்தது. அதன்பிறகு அந்த வீட்டுக்கு மட்டும் விடியவே இல்லை. துணி காயப்போட்டவர்கள் வழியை மறந்துபோனார்கள். டெல்மர் நடுமத்தியானத்தில் டார்ச் அடித்துக்கொண்டு சூப் கொண்டுபோனான், போர்வைக்குள் கிடந்தவனை எழுப்பி மருத்துவரிடம் கூட்டிப்போனான், வீடு வீடாக ஏறி இயந்திரங்களைத் திருப்பிக் கேட்டான்.

"குடுத்தது குடுத்ததுதானேப்பா" என்று கதவைச் சாத்தினாள் ஐலின். மற்றவர்களில் பலர் முனகிக்கொண்டே தந்தார்கள், கடைக்காரனும் திருப்பி எடுத்துக்கொண்டான். வீடு மயிரிழையில் தப்பியது.

மாத்திரை பிடித்து, ஊருக்கு விடிகிற நேரத்திலேயே அவனுக்கும் விடிந்த ஒரு பிப்ரவரிக் காலையில் ஆர்வோ கார்டை டெல்மரிடம் நீட்டினான்.

"வெச்சுக்கோ. நான் கேப்பேன். குடுக்காத."

"கெஞ்சினா?"

"குடுக்காத."

"அடிச்சா?"

"வாங்கிக்கோ."

அடுத்த நவம்பரில், மாத்திரையையும் மீறி, சூரியன் மறுபடி நின்றது. ஆர்வோ பனி வண்டிக்குக் குறுக்கே வந்து நின்று கார்டைக் கேட்டான். அடிக்கவில்லை. அதைவிட மோசமாகப் பேசினான்.

"பொறாமடா உனக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் வாங்கிக் குடுக்கத் துப்பில்லாதவன் நீ."

டெல்மருக்குச் சுருக்கென்று தைத்தது, அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால். எடுத்து எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்று கை சட்டைப்பைக்குப் போயிற்று. பையின்மேல் கையை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டான்.

"ஏறுடா வண்டியில. என்னென்ன வாங்கணுமோ சொல்லிட்டே வா."

வண்டி கிளம்பியதும் சூரியனும் கூடவே கிளம்பியது. முன்னால் சாலைப்பனி தானாக உருகி ஓட, ஆர்வோ நாலு குதிரை, ஒரு கலங்கரை விளக்கம், ஊருக்கெல்லாம் பூட்ஸ் என்று அடுக்கினான். ஒவ்வொன்றுக்கும் டெல்மர், "சரி, அப்புறம்?" என்றான். மருத்துவமனையில் காத்திருந்தபோதும் அதையேதான் கேட்டான். மாத்திரையைக் கூட்டி எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி வண்டியேறினார்கள். மூன்றாம் நாள், அக்கார்டியன் இன்னொன்று வேண்டும் என்று ஆரம்பித்த ஆர்வோ பாதியில் டெல்மரின் தோளில் சரிந்து குறட்டைவிட்டான். சூரியன் ஏரிக்குள் இறங்கியது. டெல்மர் விளக்கைப் போட்டு, தோள் அசையாமல் ஓட்டினான்.

வருஷா வருஷம் இப்படித்தான் நடக்கிறது. வீடு இன்னும் ஆர்வோ பெயரில் இருக்கிறது. நவம்பர் மாதத்துக்குச் சாலையில் தூவ அவ்வளவு உப்பு வேண்டாம் என்று ஊராட்சி முடிவு செய்துவிட்டது.